தாத்தாவின் இழைப்புளிக்கு மறுவாழ்வு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

வீட்டில் கிடக்கும் பழைய இழைப்புளிகளைப் பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இரும்பு இழைப்புளி இரண்டும் மர இழைப்புளி ஒன்றும் கிடைத்தன. மூன்றும் துரு, அழுக்கு. தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உப்புத்தாளை எடுக்கும் முன் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு இழைப்புளியின் உடம்பு வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, உடையும். வாயின் (பிளேடு நீட்டிக்கொண்டு வரும் அடிப்பரப்புத் திறப்பின்) இரண்டு மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும்தான் பெரும்பாலும் விரிசல் விடும். எல்லா உறுப்புகளையும் கழற்றிவிட்டு, வெறும் உடம்பை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அடைத்தாற்போல் வந்தால் சந்தேகப்படலாம். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவையுங்கள். விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடாகத் தெரியும். வாயின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தால் அந்த உடம்பில் உழைப்பைக் கொட்டாதீர்கள். பிளேடு, திருகுகள், கைப்பிடிகளை உதிரிக்கு எடுத்துவையுங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது என்ன வகை என்று பாருங்கள். இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் லெனார்ட் பெய்லி வகுத்த அமைப்பைப் பின்பற்றியவை. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-ல் வாங்கியது. முன்பக்கம் வார்ப்பிலேயே எண் இருக்கும். 4 என்றால் சுமார் 9 அங்குல நீளம், மெருகு இழைப்புக்கு. 5 என்றால் 14 அங்குலம், முதல் முரட்டு இழைப்புக்கு. 7 என்றால் 22 அங்குலம், பலகை விளிம்பை நேராக்குவதற்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931 முதல் வந்த ரெக்கார்ட் இழைப்புளிகளில் இதே எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்ந்து 04, 05 என்றிருக்கும்.

பிளேடை இடவலமாகச் சாய்க்கும் நெம்புகோல் இல்லாத பெய்லி இழைப்புளி என்றால், பெரும்பாலும் 1880-களின் நடுப்பகுதிக்கு முந்தையது. ஐந்தரை அங்குலமே உள்ள 1-ஆம் எண்ணும் அரியது. இந்த மாதிரிப் பொருளை மெருகேற்றினால் சேகரிப்பாளர் தரும் விலை குறையுமே தவிர ஏறாது. தூசி தட்டி, மெல்ல எண்ணெய் பூசி, விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை அப்படியே விடுங்கள்.

மற்றவற்றைத் தாராளமாகத் தேற்றலாம். ஆனால் பளபளப்பு மரத்தை இழைக்காது. ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும் பரப்புகள் சரியாக இருந்தால் போதும்: பிளேடும் அதன்மேல் திருகிப் பூட்டும் மேல்தகடும், பிளேடும் அது சாயும் சரிவான இருக்கையான ஃப்ராக்கும், ஃப்ராக்கும் உடம்பும், அடிப்பரப்பும் மரமும். நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

கேள்வி: துருவை எடுக்க வினிகர் என்கிறார் ஒருவர், மின்சாரம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: துருவின் ஆழத்தைப் பொறுத்தது. மேலோட்டமான செந்துருவுக்கு இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் தடவி, பழைய சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, மிக நைசான எஃகுக் கம்பளியால் தேய்த்தால் முக்கால்வாசி போய்விடும்.

அடர்ந்த துருவுக்கு சிட்ரிக் அமிலம் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரையுங்கள். மரக் கைப்பிடிகளையும் பித்தளை உறுப்புகளையும் முன்பே கழற்றிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் பிடிக்காது. ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பொருள் முழுவதும் மூழ்க வேண்டும். பாதி மூழ்கியும் பாதி வெளியிலுமாக இருந்தால், தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் இரும்பு கோடுபோல் அரிக்கப்படும். பிறகு அந்தக் கோட்டை எடுப்பது பெரும்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். துரு போனதும் நிறுத்துங்கள். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் நல்ல இரும்பையும் தின்று, பரப்பு சொரசொரப்பாகிவிடும். வினிகரும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு, ஈரத்தோடு வைத்தால் சில நிமிடங்களில் மறுபடி மஞ்சள் பூக்கும். கழுவி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, துணியால் ஒற்றி, தலைமுடி உலர்த்தும் ட்ரையரால் சூடேற வைத்து, அந்தச் சூட்டோடு எண்ணெய் தடவுங்கள். திருகுத் துளைகளுக்குள் தங்கும் ஈரத்தை மறக்காதீர்கள். இரும்பு மங்கிய சாம்பல் நிறத்தில் வரும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, அப்படித்தான் இருக்கும்.

மின்சார முறையில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் தகடு போதும். சார்ஜரின் எதிர்முனை இழைப்புளியிலும் நேர்முனை தகட்டிலும் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் இழைப்புளி! தகடும் பொருளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தகடாக ஒருபோதும் போடாதீர்கள். நச்சான குரோமியம் சேர்மங்கள் தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். கையை விடுமுன் இணைப்பைத் துண்டியுங்கள். இன்னொன்று: இந்த முறை உடம்பின் கறுப்புப் பூச்சையும் உரித்துவிடும். பூச்சைக் காப்பாற்ற நினைத்தால் சிட்ரிக் அமிலமே மேல்.

கேள்வி: திருகு ஒன்று அசையவே மாட்டேன் என்கிறது. ஆழம் சரிசெய்யும் பித்தளைச் சக்கரமும் இறுகிக் கிடக்கிறது.

பதில்: பித்தளைச் சக்கரத்தை முதலில் எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். பெய்லி அமைப்பில் அது பெரும்பாலும் இடப்புற மரை. தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம்.

திருகுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். திருப்புளியின் நுனி, திருகுத் தலையின் பள்ளத்தை அகலத்திலும் கனத்திலும் நிரப்ப வேண்டும். நுனி சிறுத்தால் பள்ளம் கிழியும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். அசையாவிட்டால் சாலிடரிங் இரும்பின் நுனியைத் திருகுத் தலையில் இரண்டு நிமிடம் வைத்து, ஆறியதும் மறுபடி முயலுங்கள். கழற்றிய திருகைத் தொலைக்காதீர்கள். ஸ்டான்லியின் மரைகளில் பல, இன்றைய பொது அளவுகளில் கிடைக்காதவை. மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் வார்ப்பின் மரையே போய்விடும்.

கேள்வி: அடிப்பரப்பைக் கண்ணாடிபோல் மட்டமாக்க வேண்டுமாமே? நான்கு மணி நேரம் தேய்த்தும் நடுவில் பள்ளம் போகவில்லை.

பதில்: அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. முன்முனை, வாய்க்கு முன்னால் உள்ள பட்டை, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் இழைப்புளி ஒழுங்காக வேலை செய்யும். இவற்றுக்கு இடையில் தீவுபோல் ஒரு பள்ளம் இருந்தால் விட்டுவிடுங்கள். வாயின் முன்விளிம்பில் பள்ளம் என்றால் மட்டும் விடக்கூடாது. அந்த விளிம்புதான் பிளேடு வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் மரத்தை அழுத்திப் பிடிக்கிறது. அது மரத்தைத் தொடாவிட்டால் நார் எழும்பிப் பிய்ந்து வரும்.

எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் கனமான கண்ணாடியை வளையாத மேசைமேல் வைத்து, அதன்மேல் 80 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். இழைப்புளியை முழுதாகப் பூட்டிய நிலையில் தேய்க்க வேண்டும்: பிளேடு உள்ளே இழுத்த நிலையில், லீவர் கேப் (பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி) வேலை செய்யும் இறுக்கத்தில். அந்த இறுக்கம் உடம்பைச் சற்றே வளைக்கும். பிரித்துவைத்துத் தேய்த்து மட்டமாக்கினால், பூட்டியதும் மறுபடி கோணிக்கொள்ளும். அடிப்பரப்பில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள். எங்கே கோடு அழிகிறதோ அங்கே மேடு. கைகளின் அழுத்தம் நடுவில் இருக்கட்டும். முனைகளில் அழுத்தினால் முன்னும் பின்னும் தேய்ந்து அடிப்பரப்பு வில்லாகிவிடும்.

பூட்டிய நிலையில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சோதியுங்கள். மெருகு இழைப்புக்கான 4-ஆம் எண்ணில், அந்த முக்கிய இடங்களில் 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் போதும். முரட்டு இழைப்புக்கு 0.1 மி.மீ. வரை விடலாம். பிறகு 120, 220 என்று ஏறினால் முடிந்தது. அதற்கு மேல் மெருகேற்றுவதால் இழைப்பின் தரம் ஏறாது. 80 எண் தாள் தேய்ந்ததும் மாற்றுங்கள். நான்கு மணி நேரம் ஆனதற்குப் பெரும்பாலும் தேய்ந்த தாளே காரணமாக இருக்கும். 22 அங்குல நீளமுள்ளதில் பெரிய கோணல் இருந்தால் கையால் தேய்க்காமல், இயந்திரப் பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யக் கொடுங்கள். எவ்வளவு எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வாயருகே சுவர் மெலிந்துபோனால் திரும்ப வராது.

கேள்வி: பிளேடின் பின்பக்கம் பொத்தல் பொத்தலாகத் துரு அரித்திருக்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வெட்டுவிளிம்பைத் தொடும் பொத்தல்கள்தான் கெடுதல். ஒவ்வொரு பொத்தலும் இழைத்த பலகையில் மெல்லிய நீள்கோடாகப் பதியும். விளிம்பிலிருந்து 10 மி.மீ.க்கு மேலே இருப்பவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள்.

விளிம்பருகே லேசான பொத்தல் இருந்தால், பின்பக்கத்தின் முதல் 10 முதல் 15 மி.மீ. வரை மட்டும் சாணைக்கல்லில் மட்டமாக்குங்கள். முழுப் பின்பக்கத்தையும் தேய்ப்பது வீண் வேலை. கொஞ்சம் மிச்சம் நின்றால், அரை மி.மீ. கனமுள்ள எஃகு அளவுகோலைக் கல்லின் ஓரத்தில் வைத்து, பிளேடின் மேற்பகுதியை அதன்மேல் சாய்த்து, விளிம்பை மட்டும் கல்லில் பத்து முறை இழுங்கள். ஒரு டிகிரிக்கும் குறைவான சரிவுதான் விழும். ஆனால் விளிம்பு பொத்தலைத் தாண்டிவிடும். ஆழமான பொத்தல் என்றால் கிரைண்டரில் விளிம்பையே பின்னுக்குத் தள்ள வேண்டும்.

கிரைண்டரில் கவனம் வேண்டும். பழைய பிளேடு கார்பன் எஃகு. சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய் எஃகு மென்மையாகிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. விளிம்பருகே ஒரு சொட்டுத் தண்ணீரை நிற்க விடுங்கள். அது கொதிக்கத் தொடங்கும் முன் எடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு மெலியும்போது இன்னும் சீக்கிரம் சூடேறும், ஆகவே கடைசித் தொடுதல்கள் நொடிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே நீலம் பாய்ந்திருந்தால் அந்த நீலம் முழுவதையும் தாண்டி, மெதுவாக அரைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

25 டிகிரியில் அரைத்து, 30 டிகிரியில் கூர் ஏற்றுங்கள். 1000 எண் கல்லில், விளிம்பின் முழு அகலத்துக்கும் பின்பக்கம் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் மட்டும் பிசிறு வந்தால் மூலைகள் இன்னும் கூராகவில்லை என்று பொருள். பிறகு 4000, 8000. முரட்டு இழைப்புக்கான பிளேடின் விளிம்பை 200 முதல் 250 மி.மீ. ஆரத்தில் வில்லாக அரைத்தால் கனமான சீவலைச் சிரமமில்லாமல் எடுக்கும். மெருகு இழைப்புக்கு அந்த வில் கூடாது. இரண்டு மூலைகளை மட்டும் மயிரிழை உருட்டிவிட்டால் பலகையில் படிக்கோடு விழாது.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. கூர் முடியை வெட்டுகிறது. ஆனால் நான்கு இழுப்புக்குள் வாயில் சீவல் அடைத்துக்கொள்கிறது.

பதில்: மேல்தகடுதான் குற்றவாளி. பிளேடையும் மேல்தகட்டையும் இறுக்கிப் பூட்டி, இரண்டும் சேரும் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கேனும் கீற்று வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கே புகுந்து, ஆப்புபோல் இறுகி, பின்னால் வருவதையெல்லாம் தடுக்கிறது. மேல்தகட்டின் உள்விளிம்பைக் கல்லில் தேயுங்கள். தேய்க்கும்போது அதன் வால்பகுதி கல்லின் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நுனிக்கோடு மட்டும் பிளேடில் படும். மேல்புற வளைவில் துருவோ சொரசொரப்போ இருந்தால் அதையும் வழவழப்பாக்குங்கள். சீவல் அந்தச் சரிவில்தான் ஏறி ஓடுகிறது.

அடுத்து தூரம். மேல்தகட்டின் நுனி, பிளேடின் விளிம்பிலிருந்து முரட்டு இழைப்புக்கு ஒன்றரை மி.மீ., மெருகுக்கு அரை மி.மீ.க்கும் குறைவு. எதிர்நார் உள்ள மரத்தில் கால் மி.மீ. வரை நெருக்கினால், சீவல் எழுந்தவுடனே மடங்கி உடைந்துவிடும். நார் பிய்வது நிற்கும். ஆனால் இப்படி நெருக்கும்போது வாயையும் இறுக்கக்கூடாது. ஃப்ராக்கை முன்னே தள்ளி வாயைக் குறுக்கியிருந்தால் பின்னால் நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்குத்தான் இந்த அடைப்பு அதிகம் வருகிறது.

பிளேடு அதிர்ந்து பலகையில் அலையலையாகக் கோடு போட்டால் ஃப்ராக்கைக் கழற்றுங்கள். அதன் அடியிலும் உடம்பின் இருக்கையிலும் பழைய பூச்சுச் சொட்டோ காய்ந்த பிசினோ ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்துப் பூட்டினால் அநேகமாக நின்றுவிடும். லீவர் கேப்பை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் மூலை உடையும். கட்டைவிரல் அழுத்தத்தில் மூடினால் போதும்.

கேள்வி: பின் கைப்பிடி ஆடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகவில்லை. முன் குமிழின் அடியும் சிதைந்திருக்கிறது.

பதில்: பல ஆண்டுகளில் கைப்பிடி மரம் சுருங்கிவிடுகிறது, அதற்குள் ஓடும் இரும்புத் தண்டு சுருங்காது. ஆகவே மேலே உள்ள பித்தளை மரை (நட்), மரத்தை அழுத்துவதற்கு முன்பே தண்டின் முனையில் முட்டி நிற்கிறது. இறுக்கியதாகக் கைக்குத் தோன்றும், பிடிமானம் இருக்காது. தண்டின் மேல்முனையை அரத்தால் ஒன்றிரண்டு மி.மீ. குறைத்தால் தீர்ந்தது. தண்டை வெட்ட மனமில்லாவிட்டால், பித்தளை மரைக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் போடுங்கள்.

கைப்பிடி இரண்டாகப் பிளந்திருந்தால், முறிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நார்கள் மறுபடி ஒன்றோடொன்று பொருந்தாது. பழைய பசை, கைப்பிசுக்கு எல்லாவற்றையும் பல்துலக்கும் பிரஷ்ஷும் அசிட்டோனும் கொண்டு கழுவி, உலர்த்தி, மெதுவாக இறுகும் எபாக்சியைத் தடவி, மெழுகு பூசிய தண்டையே உள்ளே விட்டு இறுக்குங்கள். துளை ஒரே கோட்டில் நிற்கும், தண்டும் ஒட்டிக்கொள்ளாது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் வளைந்த கைப்பிடிக்கு அதைவிட நல்ல கிளாம்ப் இல்லை. குமிழின் அடிச் சிதைவுக்கு, அதே நிறக் கடினமரத்தில் துண்டு வைத்து ஒட்டிச் சீவிவிடலாம்.

கைப்பிடிக்கு வார்னிஷ் கனமாக வேண்டாம். கை வியர்த்தால் வழுக்கும், கொப்புளமும் வரும். அரக்கு பாலிஷ் இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் மெழுகு போதும்.

கேள்வி: உடம்பின் கறுப்புப் பூச்சு பாதி உதிர்ந்திருக்கிறது. மறுபடி அடிக்கலாமா?

பதில்: பாதிக்கு மேல் உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பதானால் எஞ்சின் எனாமல் கறுப்பு ஏற்றது. ஃப்ராக்கின் இருக்கை, திருகுத் துளைகள், பக்கச் சுவர்களின் வெளிப்புறம் ஆகியவற்றை டேப்பால் மறைத்துவிட்டு அடியுங்கள். ஃப்ராக்குக்கு அடியில் ஒரு படலம் பெயிண்ட் விழுந்தாலும் இதுவரை செய்த வேலை வீண்.

கேள்வி: மர இழைப்புளியின் வாய் அகன்றுபோய்விட்டது. சிறு துளைகளிலிருந்து பொடியும் கொட்டுகிறது. ஆளிவிதை எண்ணெயில் ஒரு வாரம் ஊறப்போடலாம் என்கிறார்கள்.

பதில்: ஊறப்போட வேண்டாம். எண்ணெய் குடித்த கட்டை கனத்துப்போகும், பிளேடு படுக்கையில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், பிறகு அதில் பசையும் பிடிக்காது. உங்களுக்குப் பசை பிடித்தாக வேண்டும்.

பொடி கொட்டுவது புதிதா பழையதா என்று முதலில் பாருங்கள். கறுப்புக் காகிதத்தின்மேல் சில வாரம் வையுங்கள். புதுப் பொடி விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. பிளேடை எடுத்துவிட்டு, கட்டையைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழு சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த மரத்தில் ஈரம் பூக்கும்.

அடிப்பரப்பை இழைத்து இழைத்து மட்டமாக்கியதால்தான் வாய் அகன்றது. உள்ளே சரிவு இருப்பதால் மேலே போகப் போக இடைவெளி கூடும். வாய்க்கு முன்னால் 6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கடினமான மரத்துண்டு ஒன்றை, அதன் நார் கட்டையின் நார் ஓடும் திசையிலேயே இருக்கும்படி ஒட்டுங்கள். துண்டு வாயை முழுதாக மூடும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். ஒட்டியபின் பிளேடைப் பூட்டிப் பார்த்துப் பார்த்து அரத்தால் திறங்கள். குறைவாக எடுத்தால் இன்னும் எடுக்கலாம்.

பிளேடை இறுக்கும் ஆப்பின் இரண்டு கால்களும் நுனியில் மெலிந்து, பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். நுனி தடித்திருந்தால் சீவல் அங்கே சிக்கும். ஆப்பை ஓங்கி அடிக்காதீர்கள். காய்ந்த கட்டையின் கன்னம் பிளந்துவிடும். பழைய பிளேடைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய தட்டைப் பிளேடைப் போடுவதும் தவறு. பழையது பெரும்பாலும் வெட்டுமுனையில் தடித்து மேலே போகப்போக மெலியும். மரம் அதை மேல்நோக்கித் தள்ளும்போது தடித்த பகுதி ஆப்புக்கடியில் இன்னும் இறுகும். சமகனப் பிளேடுக்கு அந்த ஆப்பு பொருந்தாது.

கேள்வி: பூட்டியபின் எப்படிச் சரிபார்ப்பது? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பிளேடை முழுதாக உள்ளே இழுத்துவிட்டுச் சிறிது சிறிதாக வெளியே விடுங்கள். தீக்குச்சி அளவுள்ள மரச்சிம்பை வாயின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் உரசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் சீவினால் பிளேடு நேர். ஒரு பக்கம் மட்டும் கடித்தால் நெம்புகோலால் சாய்த்துச் சமப்படுத்துங்கள். ஆழச் சக்கரத்தில் அரைச் சுற்று வெறும் ஆட்டம் இருப்பது இயல்பு. அதனால் கடைசித் திருப்பல் எப்போதும் பிளேடை முன்னே தள்ளும் பக்கமாக இருக்கட்டும். பின்னே இழுத்து நிறுத்தினால் இழைக்கும்போது பிளேடு தானாக உள்ளே நழுவும்.

வேலை முடிந்ததும் சீவலைத் தட்டிவிட்டு, இரும்பை இயந்திர எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அடிப்பரப்பில் மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு இழுத்தால் தள்ளுவதற்கு எளிது. ஈரக்காற்றுள்ள இடத்தில் கம்பளியிலோ மரத்தூளிலோ வைத்து மூடாதீர்கள்; இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மரப்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டுப் போவது ஆபத்து, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.